போகருக்கு எதிரி யார்?

கோரக்கர் ஒரு நூல் எழுதினார். பெயர் ரவிமேகலை. மற்ற சித்தர்கள் பூட்டிவைத்திருந்த மருந்து முறைகளையும் ரசவாத வித்தைகளையும் பரிபாஷை என்ற மறைமொழி போட்டு மறைக்காமல் அதில் வெட்டவெளிச்சமாக எழுதிவிட்டாராம். சேதி பரவியது. சித்தர்கள் கூட்டமாகக் கிளம்பி அவருடைய குடிலுக்கு வந்து, நூலைக் கொடு என்று நின்றார்கள். கோரக்கர் மறுக்கவில்லை. வந்தவர்கள் பசியாறட்டும் என்று அடை சுட்டுப் போட்டார். மாவில் கஞ்சா கலந்திருந்தது. அவர்கள் மயங்கிக் கிடந்த நேரத்தில் சாரத்தை மட்டும் வேறு ஏட்டில் எழுதி ஒளித்துக்கொண்டு, விழித்தவர்களிடம் மூலத்தைக் கொடுத்து அனுப்பினார். அப்படித் தப்பியதுதான் சந்திரரேகை என்பது சித்த வைத்திய மரபில் வழங்கும் கதை. கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்று ஒரு பெயரும் உண்டு.

ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ரகசியச் சங்கம் இருக்கிறது. கட்டுப்பாட்டை மீறியவன் இருக்கிறான். தடைசெய்யப்பட்ட புத்தகம் இருக்கிறது, அதைப் பறிக்க வந்தவர்களும் ஏமாற்றியவனும் ஒரே சித்தர் மரபைச் சேர்ந்தவர்கள். மேற்கில் இப்படி ஒரு கதை கிடைத்திருந்தால் ஏழு பாகம் எழுதியிருப்பார்கள். தமிழிலோ, வித்தைக்காரனும் வித்தைக்காரனும் மோதிக்கொள்ளும் இருண்ட மாயப் புனைவு தழைக்கவே இல்லை. சித்தர் நாவல்களுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சித்தர்களுக்குள் சண்டைதான் இல்லை. இது ஏன் என்று பார்க்கப் பழனி மலையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

பழனி, சங்க நூல்களின் பொதினி. ஆவியர் குலத்துப் பேகனின் நாடு. மலைக்கோயில் மூலவரை, பாஷாணம் எனப்படும் நச்சுச் சரக்குகள் ஒன்பதைக் கட்டிப் போகர் என்ற சித்தர் செய்தார் என்பது தல மரபு. சித்த மருத்துவம் பாஷாணங்களை 64 என்று எண்ணும். இயற்கையில் கிடைக்கும் பிறவிப் பாஷாணம் 32, செய்து எடுக்கும் வைப்புப் பாஷாணம் 32. வீரம், பூரம், தாளகம், மனோசிலை, ஜாதிலிங்கம் என்று போகும் இந்தச் சரக்குகளில் பல பாதரசமோ ஆர்செனிக்கோ கலந்தவை. பழனியில் சேர்ந்த ஒன்பது எவை என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறும். தனித்தனியே ஆளைக் கொல்லும் சரக்குகள், முறைப்படி கட்டினால் அருமருந்தாகும் என்பது நம்பிக்கை. இரவில் மூலவருக்குச் சாத்தும் ராக்காலச் சந்தனத்தை விடிந்ததும் வாங்கிக்கொள்ளப் பக்தர்கள் காத்திருப்பது இதனால்தான்.

மலைமேல் இன்னொரு கதை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், படிக்கட்டு வயல்களுக்கு நடுவே பூம்பாறை இருக்கிறது. அங்கே குழந்தை வேலப்பர் கோயில். அந்தச் சிலையையும் போகரே செய்தார், அது தசபாஷாணம் என்கிறார்கள். கீழே ஒன்பது, மேலே பத்து. அந்தப் பத்தாவது சரக்கு எது, அதை ஏன் பழனியில் சேர்க்காமல் மலைமேல் சேர்த்தார், யாருக்குத் தெரியாமல் சேர்த்தார்? நல்ல மர்மக் கதைக்கு இந்த ஒரு கேள்வி போதும். இதைக் கேட்டு ஒரு நாவல் பேர் வாங்கியதாகத் தெரியவில்லை.

போகரைச் சுற்றிய வட்டமும் சாதாரணமானது இல்லை. குரு காலாங்கிநாதர் சீன தேசத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறவர். சீடர் புலிப்பாணி, புலிமேல் ஏறிப்போய்க் குருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்று கதை. சோதிடத்திலும் வைத்தியத்திலும் அவர் பெயரில் நூல்கள் வழங்குகின்றன. போகர் ஏழாயிரத்தில் தேசாந்தரப் பயணங்களும் விந்தையான பொறிகளும் வருகின்றன. நூலின் நடை அண்மை நூற்றாண்டுகளுக்கு உரியது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973இல் சித்தர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பதினெண் சித்தர் யார் யார் என்ற பட்டியல்கூட ஏட்டுக்கு ஏடு வேறுபடுவதைப் பார்த்தால், இந்தச் சங்கத்தில் உறுப்பினர் யார் என்பதிலேயே போட்டி இருந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

ரகசியம் இயங்கிய விதமும் கவனிக்கத்தக்கது. செய்முறை எல்லாம் பாட்டில் இருக்கும். சரக்கின் பெயர் மட்டும் மாறுவேடத்தில் இருக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் உப்பையும் இன்னோரிடத்தில் மூச்சையும் குறிக்கும். முறிந்த கடைசிக் கண்ணியைக் குரு வாயால் சொல்ல வேண்டும். மருந்தில் பெரிதாகப் பேசப்படும் முப்பு என்ற சரக்கு எது என்பதில் வைத்தியர்களிடையே இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. அதோடு சாபம் வேறு: தகுதியற்றவனுக்குச் சொன்னால் தலை தெறிக்கும் என்று பாடல்களிலேயே மிரட்டல் உண்டு. மூலிகை பறிக்குமுன் சாபநிவர்த்தி செய்வது வைத்தியர் வழக்கம். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், மாரணம் என்று நீளும் அட்டகர்மங்களில் வித்துவேஷணமும் ஒன்று. இருவரைப் பிரித்துப் பகையாக்கும் வித்தை அது. பகை மூட்டவே ஒரு தனி வித்தையை வைத்திருந்தவர்கள் தங்களுக்குள் ஒருநாளும் பகைத்ததில்லை என்று நம்மை நம்பச் சொல்கின்றன நாவல்கள்.

இந்தப் பொருளைத் தமிழ் வெகுஜன வாசகரிடம் கொண்டுசேர்த்ததில் இந்திரா சௌந்தர்ராஜனுக்கு இணை கிடையாது. 2024 நவம்பரில் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தவர். அவருடைய 'ரகசியமாக ஒரு ரகசியம்' 1990களில் நாகா இயக்கத்தில் 'மர்மதேசம்' தொடராகச் சன் தொலைக்காட்சியில் வந்தபோது, இரவில் தெருவே அடங்கிப் பார்த்தது. நவபாஷாண லிங்கம், பைரவர் கோயில், அடுத்தடுத்து விழும் சாவுகள். பின்னாளில் ஆனந்த விகடனில் எழுதிய 'இறையுதிர் காடு' நேராகப் போகரையே எடுத்துக்கொண்டது. அன்று, இன்று என்று இரண்டு காலங்களில் ஓடும் கதை. பொதினி மலையில் நவபாஷாணம் கட்டப்படுவது ஒரு பக்கம், அதன் மிச்சம் இந்தக் காலத்தில் படுத்தும்பாடு மறுபக்கம்.

தகவலைக் கதையாக்கும் கைப்பக்குவம் அவருக்கு அபாரமாக இருந்தது. ஆனால் அவர் நாவல்களில் அதிகம் திரும்ப வரும் அமைப்பு ஒன்றுதான்: சித்தர் ஞானி, தவறு செய்கிறவன் இன்றைய மனிதன். பேராசை பிடித்த பணக்காரன், சிலை திருடன், நம்பாத நகரத்துக்காரன் என்று ஆள் மாறுவான். சித்தன் மனத்தில் பொறாமை வராது, சீடன் குருவை விஞ்ச நினைக்க மாட்டான். மர்மம் இருக்கிறது, இருட்டு இல்லை.

தமிழில் மந்திரவாதி இருட்டோடு வந்தது வேறு வாசல் வழியாக. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவிலும், எஸ். வி. ரங்காராவ் மந்திரவாதியாக மிரட்டிய 1951இன் 'பாதாள பைரவி'யிலும் அவன் முழு வில்லன். தாடி, மண்டையோடு, பலி. அவனோடு மோதுவது ஒரு வீரன். இன்னொரு மந்திரவாதி மோதுவதில்லை. ஆக, சித்தர் என்றால் வெள்ளை, மந்திரவாதி என்றால் கறுப்பு என்று இரண்டு கூடைகள் தயாராகிவிட்டன. உண்மையில் ஏட்டுச் சுவடிகளில் இந்தப் பிரிவு அவ்வளவு துப்புரவாக இல்லை. மருந்தும் மாரணமும் ஒரே கட்டில் கிடக்கும்.

கல்கி இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டார். 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னில் ரவிதாஸன் ஒரு மந்திரவாதி; ஆந்தைபோல் குரல் கொடுத்துத் தோழர்களைக் கூட்டுவான்; திருப்புறம்பியம் பள்ளிப்படையில் நள்ளிரவில் கூடிச் சபதம் செய்யும் கும்பல் அசல் ரகசியச் சங்கம். இதற்கு வேர் சரித்திரத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. கல்கியின் சதிகாரர்களுக்கு அவர்கள் தரப்பு நியாயம் உண்டு, கரிகாலன் கையில் செத்த பாண்டியனுக்குப் பழிவாங்க வேண்டும். இருட்டுக்கு ஒரு காரணம் கொடுத்தது அவருடைய சாமர்த்தியம்.

இலக்கியத் தரப்பில் புதுமைப்பித்தன் சிறுகதைகளில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். 'பிரம்ம ராக்ஷஸ்' சாவைத் தாண்ட முயன்றவனின் அவஸ்தை. ஆனால் அவன் தனி ஆள், சங்கம் கிடையாது. 1997இல் வந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' போட்டியாளர்களைக் கொண்டுவந்தது. பவதத்தரும் அஜிதனும் ஞான சபையில் மோதுவது தமிழ் நாவலின் பெரிய மோதல்களில் ஒன்று. அங்கே ஆயுதம் தர்க்கம். தர்க்கத்துக்குப் பதில் ரசமும் பாஷாணமும் பரிபாஷையும் ஆயுதமாகும் நாவலுக்கு இன்னும் இடம் காலியாகவே இருக்கிறது.

இப்படி ஒரு நாவல் எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு லண்டனில் ஒரு முன்மாதிரி உண்டு. அது கடைசியில் கொடைக்கானலில் வந்து முடிகிறது என்பதுதான் வேடிக்கை.

1888இல் லண்டனில் மூன்று பேர் கூடிப் பொன் விடியல் என்று பொருள்படும் பெயரில் 'கோல்டன் டான்' என்ற ரகசிய மாந்திரீகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன். சங்கேத எழுத்தில் இருந்த ஒரு சுவடிதான் அதற்கு ஆதாரம். பரிபாஷை அங்கேயும் உண்டு. சேர்கிறவர், ரகசியத்தை வெளியிட்டால் கொடிய சக்தி தன்னைத் தாக்கி வீழ்த்தட்டும் என்று சபதம் செய்ய வேண்டும். தலை தெறிக்கும் என்ற நம் சாபத்தின் சீமைப் பதிப்பு. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் அதில் உறுப்பினர். 1898இல் அலிஸ்டர் குரோலி சேர்ந்தார். இருவருக்கும் ஆகவில்லை. 1900 ஏப்ரலில் சங்கம் உடைந்தபோது, மேதர்ஸின் தூதராகக் குரோலி ஸ்காட்லாந்து உடையும் முகமூடியும் அணிந்து, பிளைத் சாலையில் இருந்த சங்கத்தின் அறைகளைக் கைப்பற்றப் போனார். யேட்ஸ் தரப்பு போலீஸைக் கூட்டிவந்து வெளியேற்றியது. மந்திரங்களால் உலகையே அசைப்போம் என்றவர்களின் போர், கான்ஸ்டபிள் ஒருவரால் முடிந்தது.

குரோலி சும்மா இருக்கவில்லை. 1917இல் 'மூன்சைல்ட்' என்ற நாவலை எழுதினார், 1929இல் அச்சானது. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்காக இரண்டு மந்திரவாதிக் கூட்டங்கள் போரிடும் கதை. பழைய சகாக்கள் எல்லாரையும் பெயர் மாற்றி உள்ளே இழுத்துப்போட்டுக் கேலி செய்தார்; யேட்ஸ் அதில் கேட்ஸ். தன்னை மட்டும் இளைஞனாகவும் முதியவராகவும் இரண்டு பாத்திரங்களில் வைத்துக்கொண்டார். நாவலாக அது சுமார். என்றாலும் எதிரி யார், ஏன் எதிரி என்பதை ரத்தமும் சதையுமாக அறிந்த ஒருவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அவரை வைத்து சோமர்செட் மாம் முன்பே, 1908இல், 'தி மெஜிஷியன்' எழுதியிருந்தார்.

'மூன்சைல்ட்' நாவலில் மரியாதையோடு நடத்தப்படும் ஒரே பழைய சகா ஆலன் பென்னட் எனலாம். பௌத்த மகாதேரராக வருகிறார். குரோலிக்கு மாந்திரீகம் கற்றுக்கொடுத்த பென்னட் ஆஸ்துமா தாங்காமல் 1900இல் இலங்கைக்கு வந்தார். கொழும்பில் அப்போது சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்து, இராமநாதனிடம் யோகம் பயின்றார். லண்டன் மந்திரவாதிக்கு யாழ்ப்பாணத்துச் சைவர் குரு. 1901இல் குரோலியும் வந்து சேர்ந்தார். இருவரும் கண்டியில் பங்களா எடுத்துப் பயிற்சி செய்தார்கள். அங்கிருந்து குரோலி மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலைப் பார்த்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பென்னட் பர்மாவுக்குப் போய்த் துறவு பூண்டார். மாந்திரீகப் போட்டியிலிருந்து விலகிய சீடன் என்ற பாத்திரத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் வேண்டுமா?

இராமநாதன் பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தமக்குச் செயலாளராக இருந்த ஆர். எல். ஹாரிசனை மணந்தார். அவர் லீலாவதி இராமநாதன் ஆனார்; கணவர் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்தார். 1930இல் கணவர் மறைந்த பின், 1936இல் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலைக் கட்டினார். இன்று அது பழனி தேவஸ்தானத்தின் கீழ் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி தெரியும். பேருந்தில் வந்து படமெடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாப் பயணிகள், கோல்டன் டானிலிருந்து போகர் மலைவரை வந்த ஒரு கண்ணியைத் தொட்டுவிட்டுப் போகிறோம் என்று அறிய வாய்ப்பில்லை.

அந்த லண்டன்காரர்களுக்குச் சாதகமாக இருந்தது ஒன்றுதான்: அவர்களுடைய மந்திரவாதிகள் யாருக்கும் சாமி இல்லை. யேட்ஸைக் கிண்டல் செய்தால் யாரும் கோயில் வாசலில் மறியல் செய்ய மாட்டார்கள். போகரோ சன்னதி கொண்டவர். பழனி மலைமேல் பிராகாரத்தில் அவருக்குத் தனி இடம் உண்டு; அங்கிருந்து மூலவருக்குக் கீழே சுரங்கம் போவதாகவும், அவர் அதற்குள் இறங்கி இன்னும் இருப்பதாகவும் ஐதீகம். சாகாதவரைப் பற்றிச் சந்தேகத்தோடு எழுத எழுத்தாளருக்குக் கை வராது. வாரப் பத்திரிகைக்கும் தைரியம் வராது. சாதியையும் சடங்கையும் சாடிய சித்தர் மரபு, காலப்போக்கில் பூசைக்குரிய பதினெட்டுப் படமாகிவிட்டதன் விலை இது.

ஆனால் பழனியின் உண்மைச் சரித்திரம் இவ்வளவு பயப்படவில்லை. புலிப்பாணி வழிவந்த பண்டாரங்களிடம் இருந்த மலைக்கோயில் பூசை உரிமையைத் திருமலை நாயக்கரின் தளபதி ராமப்பய்யன் 17ஆம் நூற்றாண்டில் எடுத்து பிராமண அர்ச்சகர்களிடம் கொடுத்தார் என்று தல வரலாறே சொல்கிறது. புலிப்பாணி மரபினருக்கு வேறு சில உரிமைகள் விடப்பட்டன. போகர் சன்னதி அவர்கள் பொறுப்பில் நீடித்தது. குருவின் படைப்பைச் சீடர் வம்சம் இழந்து, குருவின் சமாதியை மட்டும் காத்து நிற்பது எவ்வளவு பெரிய நாடகம்! இதில் யாரையும் வில்லனாக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் நம்பிக்கை உள்ளவர்கள்தான்.

நம் காலத்திலும் ஒன்று நடந்தது. நவபாஷாணச் சிலை தேய்கிறது என்று சொல்லி 2004இல் கருவறையில் புதிய ஐம்பொன் சிலை ஒன்று வைக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பி, சில மாதங்களில் அது அகற்றப்பட்டது. அந்தச் சிலை செய்ததில் முறைகேடு என்று 2018இல் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் வழக்கும் கைதும் தொடர்ந்தன. மூலவருக்கு முன்னால் இன்னொரு மூலவர். கற்பனை செய்துகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

பாஷாணத்தின் இருட்டு வேண்டுமென்றாலும் மலைமேலேயே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை 1983இல் கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டித் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டு, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு நேரவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. நீண்ட வழக்குக்குப் பின் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு, மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ரசத்தைக் கட்டியவர் என்று போகரைக் கும்பிடும் மலையில், கட்டாத ரசம் சோலைக்குள் கசிந்தது. சித்தர் நாவல்கள் பாதரசத்தைக் கட்டிச் செய்யும் ரசமணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்த ரசத்தைத் தொடுவதில்லை.

ஆகவே பொருள் இல்லை என்ற சாக்கு செல்லாது. போகர் நூல்கள் அச்சில் கிடைக்கின்றன. புலிப்பாணி மரபு பழனியில் இன்றும் இருக்கிறது. ஆலை வழக்கின் காகிதங்கள் நீதிமன்றங்களில் இருக்கின்றன. இராமநாதன் குடும்பத்தின் கதை இலங்கை நூலகங்களில் இருக்கிறது. அடுத்து சித்தர் நாவல் எழுத உட்காருகிறவர் போகரை வணங்கிவிட்டே தொடங்கட்டும், தவறில்லை. ஆனால் அவருக்கு ஓர் எதிரியைக் கொடுக்கட்டும்: அவர் அளவுக்கே படித்த, அவரோடு ஒரே குருவிடம் தீட்சை வாங்கிய, தன் பக்கத்திலும் பாதி நியாயம் உள்ள ஓர் எதிரியை.